பெல்லட் டப்பா முதல் காற்று சிலிண்டர் வரை: ஏர் ரைஃபிள் சாமான்களோடு விமானம் ஏறுவது எப்படி?

துக்ளகாபாத் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் ஒன்றிரண்டு தமிழ்க் குரலாவது காதில் விழும். ஆர்.கே. புரம், மயூர் விஹார், ஜனக்புரி என்று டெல்லியின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். கடலூரில் பிறந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனைப் பார்த்துத்தான் என் மகளும் ரைஃபிளைத் தொட்டாள். பழகுவது வரைக்கும் கவலையில்லை. முதல் வெளியூர்ப் போட்டி வந்ததும் எல்லா அம்மாக்களும் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, இதையெல்லாம் ஃபிளைட்ல எப்படிக் கொண்டுபோறது?"

அடைத்த காற்றின் அழுத்தத்தால் 10 மீட்டர் தூரத்துக் குறியைச் சுடும் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் பழகும் பிள்ளைகளின் சாமான்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். வெடிமருந்துத் தோட்டா போடும் .22 போன்ற துப்பாக்கிகளுக்கு உரிமம், தோட்டாக் கணக்கு என்று வேறு நடைமுறை. அதைக் கோச்சோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

படி 1: பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள்

எதையும் அடுக்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சுடும்போது போடும் ஜாக்கெட்டின் பாக்கெட், ஷூவின் உள்பக்கம், ரைஃபிள் பெட்டியின் பஞ்சு மெத்தை, பழைய பையின் ஓரத் தையல் என எல்லாவற்றையும் விளக்கு வெளிச்சத்தில் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள்.

என் மகளுக்குச் சீனியர் பெண் ஒருத்தி தன் பழைய பையைக் கொடுத்திருந்தாள். அவள் .22-வும் சுடுபவள். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு பக்கவாட்டு ஜிப்புக்குள் கைவிட்டபோது, லைனிங் கிழிசலுக்குள் ஏதோ உருண்டது. வெளியே எடுத்தால், சுண்டுவிரலின் பாதி நீளத்துக்குப் பித்தளைக் குழாய், முனையில் மங்கலான ஈயம். சுடாத தோட்டா. எனக்குக் கை நடுங்கிவிட்டது. உடனே கோச்சுக்கு ஃபோன் செய்தோம். அவர் அந்தப் பெண்ணையும், உரிமம் வைத்திருக்கும் அவள் அப்பாவையும் அனுப்பி அன்றிரவே அதை வாங்கிக்கொள்ளச் செய்தார்.

விமான நிலைய ஸ்கேனரில் இப்படி ஒற்றைத் தோட்டா சிக்கினால் விமானம் போய்விடும், அதோடு போலீஸ் வரும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் வழக்கு விழும். அறிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே விளக்கியிருக்கிறது. தெரியாமல் பையில் கிடந்த தோட்டாவுக்காகப் போட்ட வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பு கையில் வரும்வரை வக்கீல், வாய்தா என்று அலைவது யார்? பையைத் தடவிப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். சுட்ட காலி ஓடு கிடைத்தாலும் வெளியே எடுத்து வையுங்கள். அதை வைத்து அங்கே நின்று விளக்கம் சொல்ல நேரம் இருக்காது.

படி 2: சிலிண்டரைக் காலி செய்யுங்கள்

முதல் பயணத்தில் நாங்கள் மாட்டியது இதில்தான். போட்டிக்கான ஏர் ரைஃபிளின் சிலிண்டரில் 200 பார் வரை காற்று அடைப்பார்கள். கார் டயரில் இருப்பதைப்போல் சுமார் 90 மடங்கு அழுத்தம். காற்று நிரம்பிய சிலிண்டரை எந்தப் பையிலும் ஏற்ற மாட்டார்கள். எங்கள் சிலிண்டரின் மீட்டர் முள் 120-இல் நின்றது. கவுண்டரில் இருந்தவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யே நஹி ஜாயேகா" (இது போகாது) என்றார். என் தம்பி வீட்டிலிருந்து ஓடிவந்து அதை வாங்கிப் போனான். போன இடத்தில், அதே கம்பெனி ரைஃபிள் வைத்திருந்த ஒரு பெண் தன் உபரி சிலிண்டரைக் கொடுத்ததால்தான் என் மகளால் சுட முடிந்தது.

சிலிண்டரை ரைஃபிளிலிருந்து கழற்றுங்கள். காற்றை வெளியேற்றுவதற்கென்றே ரைஃபிளோடு ஒரு சின்னத் திருகு தந்திருப்பார்கள். காதில் மஃப் மாட்டிக்கொண்டு, வாய்ப்பகுதியை முகத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, கால் சுற்று கால் சுற்றாகத் திருகுங்கள். சீறும், சிலிண்டர் சில்லென்று ஆகும். அவசரப்படாதீர்கள். முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகும், சத்தம் முழுக்க அடங்கும்வரை விடுங்கள். முதல் தடவை கோச் முன்னிலையில் செய்வது நல்லது.

காலி சிலிண்டருக்கும் எல்லா விமான நிறுவனமும் ஒரே பதில் சொல்வதில்லை. டிக்கெட் போட்டதுமே அவர்களுக்கு மெயில் அனுப்பி, வரும் பதிலைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். சில நிறுவனங்கள் வால்வைக் கழற்றி உள்ளே காட்டச் சொல்லும். அதை வீட்டில் ஸ்பேனர் வைத்துக் கழற்றப் பார்க்காதீர்கள், ரைஃபிள் விற்ற டீலரிடம் கொண்டுபோங்கள். அப்புறம், காற்று நிரப்பும் அடாப்டரை மறக்காமல் எடுத்து வையுங்கள். போகிற ரேஞ்சில் பெரிய டேங்க் இருக்கும், ஆனால் உங்கள் சிலிண்டருக்குப் பொருந்தும் அடாப்டரும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

படி 3: பெல்லட்

ஏர் ரைஃபிளில் போட்டுச் சுடும் 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டில் வெடிமருந்து கிடையாது, வெறும் ஈயம். ஒன்று அரை கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். 500 கொண்ட டப்பா கால் கிலோவைச் சற்றுத் தாண்டும். ஆனால் ஸ்கேனரில் ஈயம் கறுப்பாக, உள்ளே என்ன என்றே தெரியாத மாதிரி விழும். அதனால் டப்பாக்களை ஷூவுக்குள்ளும் துணிக்கு நடுவிலும் செருகாதீர்கள். மூடியை டேப் போட்டு ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே ஜிப் கவரில் போட்டு, பையின் மேல்பக்கம் வையுங்கள். திறந்த கையோடு கண்ணில் படட்டும்.

படி 4: எண்ணெய், பேட்டரி, கருவிகள்

ஸ்ப்ரே டப்பாவில் வரும் எண்ணெய், தீப்பிடிக்கும் கிளீனர் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். குழலைத் துடைக்கும் ஃபெல்ட் பெல்லட், துடைக்கும் கம்பி, ஆலன் கீ எல்லாம் செக்-இன் பையில் போகலாம். பவர் பேங்க்கும் உபரி லித்தியம் பேட்டரியும் இதற்கு நேர் எதிர், கைப்பையில்தான் வர வேண்டும். இவை தவிர துப்பாக்கி சம்பந்தப்பட்ட வேறு எதையும், ஒற்றைத் திருகாணியைக்கூட, கைப்பையில் வைக்காதீர்கள்.

படி 5: சைட், ஜாக்கெட்

குறிபார்க்க உதவும் பின்பக்க சைட்டைக் கழற்றுவதற்கு முன் அதன் நிலையை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் சுற்றித் தனி டப்பாவில் வையுங்கள். ஜாக்கெட்டை மடித்தால் கேன்வாஸில் மடிப்பு விழுந்து தோள் பக்கம் நிற்காது, சுருட்டித்தான் வைக்க வேண்டும். ரைஃபிள் பெட்டியும் சேர்ந்தால் எடை 15 கிலோவைத் தாண்டிவிடும். கூடுதல் எடையை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள்.

படி 6: கவுண்டரில் முதலில் வாய் திறப்பது நீங்களாக இருக்கட்டும்

ஒரு ஃபைலில் இவை இருக்கட்டும்: ரைஃபிள் வாங்கிய பில், தேசிய ரைஃபிள் சங்க அடையாள அட்டை, போட்டிக்கான அழைப்புக் கடிதம், விமான நிறுவனத்தின் மெயில். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல். நாங்கள் மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுவோம். பையை நாமே போடும் தானியங்கி இயந்திரத்தின் பக்கம் போகாதீர்கள், ஆள் இருக்கும் கவுண்டருக்குப் போங்கள்.

பையை பெல்ட்டில் ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். டெல்லியில் நான் சொல்வது இது: "இஸ்மே ஏர் ரைஃபிள் கா சாமான் ஹை. சர்ரே ஹை, சிலிண்டர் காலி ஹை." (இதில் ஏர் ரைஃபிள் சாமான் இருக்கிறது. பெல்லட் இருக்கிறது, சிலிண்டர் காலி.) இந்தியில் பெல்லட்டுக்குச் சர்ரே என்றுதான் பெயர். பதற்றத்தில் 'கோலி' என்று சொல்லிவிடாதீர்கள். அது தோட்டாவையும் குறிக்கும், பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். ஸ்கேனரில் அவர்களே பார்த்துக் கேட்கும்போது சொல்லும் பதிலுக்கும், நாமே முந்திச் சொல்வதற்கும் கிடைக்கும் மரியாதையே வேறு. பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்துங்கள். பேச வேண்டியது அவள்தான், சுடுபவள் அவள்தானே.

பை உள்ளே போனதும் செக்யூரிட்டிக்கு ஓடாமல் இருபது நிமிஷம் அங்கேயே இருங்கள். ஃபோன் கையில், பூட்டுச் சாவி பையில். கூப்பிட்டால் போய் நீங்களே திறந்து காட்டுங்கள்.

படி 7: திரும்பும்போது

போட்டி முடிந்த களைப்பில் எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். அங்கே நிரப்பிய காற்று இன்னும் சிலிண்டரில் இருக்கும். ரேஞ்சை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அதைக் காலி செய்யுங்கள், ஹோட்டல் அறையில் வேண்டாம். பல துப்பாக்கிகள் சுடும் இடம் என்பதால், உங்களுடையது அல்லாத ஏதாவது பைக்குள் விழுந்திருக்கலாம். மறுபடியும் ஒரு தடவை பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள்.