ஒய்ரான் படத்தை நூல்கண்டு வைத்துப் படிப்பது எப்படி

ரங்கூனில் மொகல் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் முப்பது வருஷமாகத் தைக்கிறேன். நிறம் பார்ப்பது என் தொழிலில் பாதி. அக்கா மகள் போட்டோகிராபி படிக்கிறாள். போன மாசம் ஒரு ஜப்பானியப் படத்தை ஓரிடத்தில் நிறுத்தி, போனை என் தையல் மெஷின் மேல் வைத்தாள். "சித்தி, இந்த ஒரு ஃப்ரேமைப் பத்தி நாலு பக்கம் எழுதணுமாம். அழகா இருக்குங்கறதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தோணலை" என்றாள். அன்றைக்கு நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஃப்ரேமில் இருந்தது இதுதான். சிவப்புக் கம்பித் தட்டிக்குப் பின்னால் ஒரு கணிகை உட்கார்ந்திருக்கிறாள். சிவப்புப் பட்டு, முதுகுப் பக்கம் பொன் பூசிய மடக்குத் தட்டி, கொண்டை நிறைய ஊசிகள். பார்வை நம் மேல் இல்லை, வலப்பக்கம் எங்கோ போகிறது. ஒய்ரான் என்பது கணிகையரில் மேல்படியில் இருந்தவர்களுக்கான பெயர். மாதவியைத் தெரிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது.

முதலில் போனைச் சரி செய்யுங்கள். ஒரு தடவை ஒரு வாடிக்கைக்காரம்மா அனுப்பிய புடவைப் படத்தை ராத்திரி பார்த்து நூல் வாங்கிவிட்டேன். கண்ணுக்கு இதமாக இருக்க வைக்கிற மஞ்சள் வெளிச்சம் போனில் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு என்று நினைத்தது விடிந்து பார்த்தால் ராணி கலர். ஜாக்கெட்டைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். அதனால் அந்த மஞ்சள் வெளிச்சத்தை நிறுத்திவிட்டு, பகலில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள்.

அப்புறம் நூல்கண்டுகளை எடுங்கள். நூல் இல்லாதவர்கள் துணித்துண்டு, வளையல், எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். படத்தில் உள்ள ஒவ்வொரு நிறத்துக்கும் பொருந்துகிற கண்டை ஒன்றொன்றாகத் திரையோரம் வைத்துப் பார்க்க வேண்டும். 'சிவப்பு' என்று வாயால் சொல்வது சுலபம். கண்டை வைத்தபோதுதான் அங்கே மூன்று சிவப்பு இருப்பது தெரிந்தது. தட்டி குங்குமச் சிவப்பு, மேல் உடுப்பு மிளகாய்ப்பழம், மடிப்புக்குள் அரக்கு. படத்தைப் பத்துப் பங்காக வைத்துக்கொண்டால் சிவப்பு மட்டும் ஆறு. பொன் இரண்டு. கூந்தல் கறுப்பு ஒன்று. மிச்சம் ஒரு பங்கில் வெள்ளையும், இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நகத்தளவு கிளிப்பச்சையும். அந்தப் பச்சையை அதுவரை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. தெருவில் நிற்கிற மரத்தின் இலை அது.

சிவப்பு என்றால் மங்கலம், சிவப்பு என்றால் ஆபத்து என்று அகராதி போல எழுதிவிடாதீர்கள். நமக்குச் சிவப்பு கூறைப்புடவை. அவர்களுக்கு அது கோயில் வாசலும்கூட. இந்தப் படத்துக்குள் சிவப்பு என்ன வேலை செய்கிறது என்று மட்டும் கேளுங்கள். அதற்கு ஒரு வழி, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது. மாற்றியதும் தட்டியும் உடுப்பும் ஒரே சாம்பலாகிவிட்டன. அவள் உடம்பு எங்கே முடிகிறது, கம்பி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. அக்கா மகள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவளையும் அந்த வீட்டின் மரச்சாமான் மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்பதை எந்த வசனமும் சொல்லவில்லை, நிறம் சொல்லிவிட்டது.

அந்தச் சாம்பலில் தப்பி நின்றது வெள்ளை. முகம், பின்கழுத்து, கீழே ஒரு பாதம். நாம் இங்கே தனக்கா மரப்பட்டை பூசுகிறோம். கல்லில் அரைத்துக் கன்னத்தில் இழுத்தால் தோல் அதற்குள் தெரியும், ஆளும் தெரிவாள். அவர்களுடைய வெள்ளைப் பூச்சு தோலை முழுக்க மூடிவிடும். பழைய காலத்தில் அதில் ஈயம் கலந்திருந்தது. விளக்கொளி குறைந்த அறையில் அந்த முகம்தான் முதலில் கண்ணில் படும். பாதம் ஏன் வெறுங்காலாக இருக்கிறது என்று கேட்டாள். ஆடல் பாடல் கலைஞரான கெய்ஷா வெள்ளைக் காலுறை போடுவாள். ஒய்ரான் குளிர்காலத்திலும் போடமாட்டாள். அதேபோல இடுப்புக்கச்சையின் முடிச்சு இவளுக்கு முன்பக்கம், கெய்ஷாவுக்குப் பின்பக்கம். அந்தப் பெரிய முடிச்சு படத்தின் நட்ட நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். உடம்பை மறைத்து, உருவத்தையே கோபுரம் மாதிரி கீழே அகலமாக்குகிறது. தைக்கிறவளாகச் சொல்கிறேன், அந்தக் கனத்தோடு சட்டென்று எழுந்து ஓட முடியாது.

இனி கோடுகள். முகத்தின் மேல் எத்தனை கம்பி விழுகிறது என்று எண்ணுங்கள். எங்கள் படத்தில் ஒன்று, சரியாக இடது கண்ணை ஒட்டி. அதைவிட முக்கியமான கேள்வி, கேமரா தட்டிக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பது. டோக்கியோவுக்கு அப்போது எடோ என்று பெயர். அங்கே கணிகையர் வாழ்ந்த யொஷிவாரா பகுதியில் பெண்களைத் தெருவைப் பார்த்த தட்டி அறையில் வரிசையாக உட்கார வைப்பார்கள், ஆண்கள் வெளியே நின்று பார்ப்பார்கள். கம்பி நமக்கும் அவளுக்கும் நடுவில் வந்தால் நாமும் தெருவில் நிற்கிற ஆள்தான். கம்பி அவளுக்கு அப்பால் இருந்தால் அவளோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். இந்த ஒன்றை எழுதினாலே ஒரு பக்கம் வரும்.

யொஷிவாராவுக்கு 1617இல் அனுமதி கிடைத்தது. 1657 பெருந்தீக்குப் பிறகு ஊருக்கு வெளியே மாற்றினார்கள். சுற்றி அகழி, ஒரே பெரிய வாசல். அந்தக் காலத்துப் பெண்கள் பல்லுக்குப் பூசிய கறுப்பின் பெயரையே அந்த அகழிக்கும் வைத்திருந்தார்கள். மிகா நினகாவா இயக்கி 2007இல் வெளிவந்த 'சகுரான்' படம் இந்த இடத்துக் கதைதான். அதில் தங்கமீன் தொட்டிகள் திரும்பத் திரும்ப வரும். பளீர் சிவப்பு, சுற்றிக் கண்ணாடி. தட்டி செய்கிற வேலையை அங்கே தொட்டியும் செய்கிறது.

உங்கள் ஃப்ரேம் ஊர்வலக் காட்சியாக இருந்தால் குடையைப் பாருங்கள். இங்கே பையன்களைப் புத்த மடத்தில் சேர்க்கிற ஷின்பியூ ஊர்வலத்தில் குட்டிப் பையனுக்கு மேலே பொற்குடை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒய்ரானுக்கும் பின்னால் ஒருவன் பெரிய குடை பிடிப்பான், முன்னால் இரண்டு சிறுமிகள் நடப்பார்கள். கறுப்பு அரக்குப் பூசிய உயரமான மரச்செருப்பில் காலை அரைவட்டமாக வீசி வைப்பாள். மரியாதைதான். ஆனால் அந்தக் குடை படத்தின் மேல்விளிம்பை அடைத்து வானத்தை மறைக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

கடைசியாக, படத்தைப் பத்து விநாடி பின்னால் தள்ளி ஓடவிடுங்கள். எங்கள் படத்தில் அவள் பார்வை போகிற வலப்பக்கத்தில்தான் அந்த இலை இருந்தது. ஓடவிட்டபோது காற்றில் ஆடியது. கிளிப்பச்சைக் கண்டு இன்னும் அக்கா மகளிடம்தான் இருக்கிறது.