கல்யாணம் முடிந்த கையோடு ஐந்தோவன்: எதை முதலில் செய்வது?

என் கணவருக்கு நெதர்லாந்தில், ஐந்தோவனை ஒட்டிய வெல்தோவனில் இரண்டு வருட வேலை ஒப்பந்தம். தாலிக்கயிற்றின் மஞ்சள் மங்குவதற்குள் பெட்டி கட்டி வந்துவிட்டோம். இப்படி நேராக மணமேடையிலிருந்து ஐந்தோவனுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்எல் கம்பெனி இங்கே இருக்கும்வரை இந்த வரத்து நிற்கப்போவதும் இல்லை. வருகிற எல்லோரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான் என்பதால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். விசா படிவம், டிக்கெட் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முகவரி இருந்தால்தான் நகராட்சியில் பதிய முடியும், பதிந்தால்தான் பிஎஸ்என் எனும் குடிமக்கள் சேவை எண், அது கையில் வந்தால்தான் காப்பீடு, டிஜிடி எனும் அரசுத் தளங்களுக்கான இணையக் கணக்கு, ஒழுங்கான சம்பளக் கணக்கு எல்லாம். நடுவில் ஒன்று சிக்கினால் பின்னால் இருப்பதெல்லாம் நிற்கும்.

1. ஊரிலேயே முடிக்க வேண்டிய காகிதங்கள்

திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். மண்டபத்துக்காரர் தரும் ரசீதும் பத்திரிகையும் போதாது. தமிழ்நாட்டில் கல்யாணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும், அதன்பின் தாமதக் கட்டணம். சான்றிதழ் வந்ததும் முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது சான்றிதழை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் முத்திரை. ஏஜென்சியிடம் கொடுத்துவிடுங்கள் என்பேன், புது மாப்பிள்ளையைத் தலைமைச் செயலகத்துக்கும் வீட்டுக்கும் அலைய விடுவதில் அர்த்தமில்லை.

இதே அப்போஸ்டில் உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும். விசாவுக்குக் கேட்கமாட்டார்கள், அதனால்தான் பலர் கொண்டுவருவதில்லை. கேட்பது இங்கே நகராட்சியில். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பிறந்தவர்களின் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், குழந்தையின் பெயர் என்ற கட்டம் பாதிப் பேருக்கு வெறுமையாக இருக்கும், ஏனென்றால் பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு முடிந்திருக்கும். பெயரில்லாத சான்றிதழ் இங்கே செல்லாக்காசு. பிறந்த ஊரின் பதிவாளரிடம் விண்ணப்பித்துப் பெயரைச் சேர்த்து, புது நகல் வாங்கி, பிறகு அப்போஸ்டிலுக்குக் கொடுங்கள். தமிழில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பும் வேண்டும். ஆங்கிலம் இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக, முழுப்பெயரும் கிவன் நேமில் இருந்தால், டச்சுப் பதிவேட்டில் அந்தப் பெயர் முழுவதும் குடும்பப்பெயர் பத்தியில் போய் உட்கார்ந்துவிடும், முதல்பெயர் பத்தி காலி. சட்டப்படி அதில் ஒரு தவறும் இல்லை, ஆனால் இங்கே பாதி இணையப் படிவங்கள் முதல்பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. நேரம் இருந்தால் விசாவுக்கு முன்பே அப்பா பெயரைச் சர்நேமாகப் பிரித்துப் புது பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள், அந்தப் பாஸ்போர்ட்டின்படியே திருமணச் சான்றிதழும் இருக்கட்டும். பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: கிளம்பும் அவசரத்தில் கணவர் பெயருக்கு மாற்றாதீர்கள். பட்டச் சான்றிதழ் ஒரு பெயர், பாஸ்போர்ட் வேறு பெயர் என்று ஆகிவிட்டால் இங்கே வேலை தேடும்போது ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

2. பெட்டி

இதை இரண்டு அம்மாக்களையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். நெய், பால்கோவா எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வராது, இறைச்சியும் பால் பொருளும் வெளியிலிருந்து கொண்டுவரத் தடை. 2019 டிசம்பரிலிருந்து காய்கறி, பழம், இலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும், எனவே கறிவேப்பிலையும் கிடையாது. விலக்கு ஐந்தே பழங்களுக்கு: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். சாம்பார் பொடி, ஊறுகாய், வற்றல் எல்லாம் தாராளமாகக் கொண்டுவரலாம்.

பல வாடகை வீடுகளில் இப்போது இண்டக்ஷன் அடுப்புதான், ஆகவே அலுமினியக் குக்கர் வேண்டாம், அடியில் காந்தம் ஒட்டும் ஸ்டீல் குக்கர் ஒன்று போதும். மின்சாரம் நம் ஊர் போலவே 230 வோல்ட் என்பதால் மிக்ஸி ஓடும், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வாங்குங்கள். சீர்வரிசைப் பாத்திரம் ஊரிலேயே இருக்கட்டும். இரண்டு வருடத்துக்கு வருகிறவர்களுக்கு மார்க்ட்ப்ளாட்ஸ் என்கிற பழைய பொருள் தளமே சொர்க்கம், எங்கள் கட்டில், மேசை, சோபா எல்லாம் அங்கே வாங்கியவைதான்.

3. வீடு: நாங்கள் மாட்டிக்கொண்ட இடம்

முதல் சில வாரங்களுக்குக் கம்பெனியே தற்காலிக வீடு தரும் அல்லது நீங்கள் ஒன்று பிடிப்பீர்கள். விளம்பரத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று போட்டிருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். வந்து பெட்டியை இறக்கியபின் வீட்டுக்காரர் தரப்பில் சொன்னது: ஒரு வீட்டுக்கு ஒரு ஆள்தான் பதியலாம். இவர் பதியலாம், நான் கூடாது.

இதில் என்ன பெரிய விஷயம், பிறகு பதிந்துகொள்ளலாமே என்று தோன்றும். என் அனுமதி கணவருடன் வாழ்வதற்கான அனுமதி, ஐஎன்டி என்கிற குடிவரவுத் துறையின் நிபந்தனையே இருவரும் ஒரே முகவரியில் பதிந்து சேர்ந்து வாழ வேண்டும் என்பதுதான். பதியவில்லை என்றால் பிஎஸ்என் இல்லை, பிஎஸ்என் இல்லை என்றால் எனக்குக் காப்பீடும் இல்லை, மேலே சொன்னது போல வரிசையாக எல்லாம் நின்றது. போனில் கெஞ்சி, மின்னஞ்சலில் சண்டை போட்டு, கடைசியில் கம்பெனியின் ஹெச்ஆர் தலையிட்டபின்தான் வேறு வீடு கிடைத்தது.

அதனால், பணம் கட்டுவதற்கு முன்பு மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். நாங்கள் இருவரும் இந்த முகவரியில் பதியலாமா? எந்தத் தேதியிலிருந்து? ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் வருமா? வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினால் அதை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள், டச்சுக்காரர்கள் நேரடிக் கேள்வியைத் தப்பாக எடுக்க மாட்டார்கள். வீட்டு எண்ணின் பின்னொட்டையும் கவனியுங்கள். 14ஏ வேறு, 14-02 வேறு, தபால் ஒரு எழுத்தில் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

நிரந்தர வீட்டுக்குப் பராரியுஸ் தளத்தை முதலில் பாருங்கள், ஃபேஸ்புக் குழுக்களைக் கடைசியாக. பார்க்காத வீட்டுக்கு முன்பணம் கேட்கிறவர் திருடர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் கடாஸ்டர் எனும் நிலப்பதிவேட்டில் சில யூரோ கட்டி அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். 2023 ஜூலையிலிருந்து புது ஒப்பந்தங்களில் டெபாசிட் இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் ஏஜென்ட் உங்களிடம் தரகு வாங்குவதும் சட்டப்படி தவறு, கேட்டால் தைரியமாக மறுக்கலாம்.

4. நகராட்சிப் பதிவு

நான்கு மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் வந்த ஐந்து நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நேரம் முன்பதிவு செய்துதான் போக வேண்டும், ஆகவே விமானம் ஏறும் முன்பே நாள் வாங்கிவிடுங்கள். திறன்மிகு பணியாளராக வருகிறவர்களுக்கு ஐந்தோவனில் ஹாலந்து எக்ஸ்பாட் சென்டர் சவுத் இருக்கிறது, ஐஎன்டி தரும் குடியிருப்பு அனுமதி அட்டையும் நகராட்சிப் பதிவும் ஒரே இடத்தில் முடியும், கம்பெனியிடம் சொல்லி அங்கே நாள் வாங்கச் சொல்லுங்கள். இருவரும் நேரில் போக வேண்டும், மூலச் சான்றிதழ்களோடு.

அங்கே ஒரு வேடிக்கையான கேள்வி வரும். அரசுக் கடிதங்களில் உங்களை எந்தப் பெயரால் அழைக்கட்டும், உங்கள் பெயரா, கணவர் பெயரா, இரண்டும் சேர்த்தா? இவருடைய சர்நேம் அவருடைய அப்பா பெயர். கணவர் பெயர் என்று சொல்லியிருந்தால் எனக்கு வரும் வரிக் கடிதமெல்லாம் மாமனார் பெயரில் வந்திருக்கும். என் பெயரே இருக்கட்டும் என்றேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் சட்டப்படியான பெயர் மாறாது, பயப்பட வேண்டாம்.

இந்தியர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு, அனுமதி கிடைத்த மூன்று மாதத்துக்குள். மார்பு எக்ஸ்ரேதான், சீக்கிரம் முடிந்துவிடும்.

5. வங்கி, காப்பீடு, டிஜிடி

வங்கிக்கு என் ஓட்டு பங்க் (bunq) என்கிற செயலி வங்கிக்கு. பிஎஸ்என் வருவதற்கு முன்பே கணக்குத் திறந்து எண்ணைப் பிறகு கொடுக்கலாம். மற்ற வங்கிகளிலும் குறையில்லை, சிலவற்றில் எண் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காப்பீட்டில் நிறையப் பேர் ஏமாறுவது இப்படி: நான்கு மாத அவகாசம் என்று கேள்விப்பட்டு நான்காம் மாதம்வரை சும்மா இருப்பார்கள். அவகாசம் உண்மைதான், ஆனால் பிரீமியம் ஆரம்பத்திலிருந்தே கணக்காகும், தள்ளிப்போட்டு ஒரு யூரோவும் மிச்சமாகாது. வேலைக்குப் போகாத துணைக்கும் தனிப் பாலிசி கட்டாயம். வருடத்துக்கு முதல் 385 யூரோ செலவு உங்கள் கையிலிருந்து போகும், குடும்ப மருத்துவரைப் பார்ப்பது அந்தக் கணக்கில் வராது. அந்த மருத்துவரிடம் உடம்பு நன்றாக இருக்கும்போதே பதிந்துவிடுங்கள். காய்ச்சலோடு போய் நின்றால் புதுப் பதிவு இல்லை என்று சொல்லிவிடக்கூடும். பெரியவர்களுக்குப் பல் வைத்தியம் அடிப்படைப் பாலிசியில் இல்லை, பல்லைச் சரி செய்துகொண்டே கிளம்புங்கள்.

டிஜிடிக்கு விண்ணப்பித்தால் மூன்று வேலை நாளில் தபாலில் கடிதம் வரும். இருவருக்கும் தனித்தனியாக எடுங்கள். வேலைக்கு வந்தவர், வெளிநாட்டிலிருந்து அழைக்கப்பட்ட பணியாளர்களுக்கான 30% வரிச்சலுகைக்குத் தகுதியானவர் என்றால் வேலை தொடங்கிய நான்கு மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும், அப்போதுதான் முதல் நாளிலிருந்து கிடைக்கும்.

6. சைக்கிளும் வீட்டில் இருப்பவரும்

பழைய சைக்கிள் வாங்குங்கள், பூட்டு மட்டும் நல்லதாக, இரண்டு. பின்சக்கரத்தின் மேல்பகுதியை மூடும் மறைப்பும் செயின் கவரும் உள்ள வண்டியாகப் பாருங்கள், சுடிதார் துப்பட்டா சிக்காது. இருட்டியபின் விளக்கில்லாமல் ஓட்டினால் அபராதம், டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும்.

அந்த நாலரை மணி இருட்டுதான் துணையாக வந்தவருக்குக் கஷ்டம். ஒருவர் காலையில் போய்விடுவார், மற்றவர் மழையையும் சுவரையும் பார்த்துக்கொண்டிருப்பார், ஊருக்குப் போன் செய்தால் அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். உங்கள் குடியிருப்பு அனுமதி அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள், எந்த வேலையும் செய்யலாம், தனி அனுமதி தேவையில்லை என்று டச்சில் எழுதியிருக்கும். அதனால் முதல் மாதத்திலேயே ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடுங்கள்: நூலகத்தில் டச்சுப் பேச்சுப் பயிற்சி, தன்னார்வ வேலை, எதுவானாலும். கணவரோடுதான் வெளியே போவேன் என்று இருந்தால் கல்யாணமான புதிதில் அது காதல் மாதிரி இருக்கும், பிப்ரவரியில் சண்டையாகிவிடும்.

பின்சேர்க்கை

பிறப்புச் சான்றிதழ் அப்போஸ்டில் ஆகாமல் வந்துவிட்டோம் என்று சிலர் எழுதினார்கள். நகராட்சியில் பாஸ்போர்ட்டை வைத்துப் பதிந்துவிட்டுச் சான்றிதழைப் பிறகு கொண்டுவரச் சொன்னதாக அவர்களில் ஒரு தம்பதி சொன்னார்கள். ஆகவே நகராட்சியில் செய்த முன்பதிவை ரத்து செய்யாதீர்கள், கையில் இருப்பதோடு போங்கள்.

இன்னொருவர் ஊர் லைசென்ஸில் கார் ஓட்டலாமா என்றார். பதிந்ததிலிருந்து 185 நாள்வரை ஓட்டலாம். 30% சலுகை இருந்தால் பரீட்சை எழுதாமல் டச்சு லைசென்ஸாக மாற்றலாம், துணைக்கும் இது பொருந்தும்.

திரும்பிப் போகிறவர்களுக்கு: இங்கே வசித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரசு ஓய்வூதியத்தில் 2% உங்கள் பெயரில் சேரும், வேலைக்கே போகாத துணைக்கும்தான், எனவே பிஎஸ்என் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பிருந்து நகராட்சிப் பதிவை நீக்கலாம். இருவர் பெயரும் நீங்கியதா என்று பார்த்து அந்தச் சான்றைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் ஊருக்குப் போனபிறகும் பிரீமியம் கழிந்துகொண்டே இருக்கும்.