கல்யாண மண்டபத்தில் கம்பியில்லா வீடியோ டிரான்ஸ்மிட்டரைப் பாதுகாப்பாக இயக்கும் முறை

ஜிம்மி ஜிப் (நீண்ட கையில் கேமராவை உயர்த்தும் கிரேன்), கிம்பல் (நடந்தபடி எடுத்தாலும் படம் ஆடாமல் காக்கும் கைப்பிடி), மேடைக் கேமரா ஆகிய மூன்றின் படத்தையும், எது திரைக்குப் போவது என்று தேர்ந்தெடுக்கும் ஒரு ஸ்விட்சருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து எல்இடி திரைக்கும் யூடியூப் நேரலைக்கும் அனுப்புவது இன்று சிற்றூர் மண்டபங்களிலும் வழக்கமாகிவிட்டது. முன்பு விருந்தினர் கால்களுக்கிடையே ஓடிக்கொண்டிருந்த நீளமான கேபிளின் வேலையைக் கேமராவின் மேல் உட்காரும் கையடக்க டிரான்ஸ்மிட்டர் எடுத்துக்கொண்டுள்ளது. கேபிள் தடுக்கி யாரும் விழுவதில்லை என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்தக் கேபிள் இருந்தவரை இல்லாத சில பொறுப்புகள் இப்போது கேமராக்காரரிடம் வந்து சேர்ந்துள்ளன. இந்தக் கருவியைக் கண்டால் வீட்டார் முதலில் கேட்பது கதிர்வீச்சைப் பற்றித்தான். என் கணிப்பில் அது கவலைகளின் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டியது. பேட்டரி, வயர் செருகும் வரிசை, பொருத்தும் விதம் ஆகியவையே உண்மையில் ஆளையும் கருவியையும் காயப்படுத்துகின்றன. ஆகவே அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

பேட்டரியும் மின் இணைப்பும்

இவ்வகைக் கருவிகள் பலவற்றின் முதுகில் என்பி-எஃப் வகை பேட்டரிக்கான தட்டு இருக்கும். அந்தப் பேட்டரிக்குள் லித்தியம் அயான் செல்கள் இரண்டிரண்டாகத் தொடர் இணைப்பில் இருப்பதால் அதன் பெயரளவு மின்னழுத்தம் 7.2 அல்லது 7.4 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறும்போது அது 8.4 வோல்ட்டைத் தொடும். சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் நகல் பேட்டரிகளில், செல்களைக் காக்கும் சிறிய மின்சுற்றுப் பலகை தரக்குறைவாக இருக்க வாய்ப்புண்டு என்பதால் அங்கே பணத்தை மிச்சம் பிடிப்பது நல்லதல்ல. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஒவ்வொரு பேட்டரியையும் சமதளமான மேசையில் படுக்க வைத்துப் பாருங்கள். ஆடாமல் படுத்தால் சரி. நடுவில் உப்பி ஆடினாலும், முன்பு எளிதாக ஏறிய தட்டில் இப்போது இறுக்கிப் பிடித்தாலும், அது அன்றோடு ஓய்வுபெற வேண்டிய பேட்டரி. உப்பியதை அழுத்தித் தட்டையாக்குவதோ ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்ற முயல்வதோ தீயை நாமே வரவழைப்பதற்குச் சமம்.

வேலை முடிந்து கழற்றிய பேட்டரி சூடாக இருக்கும். அது அறை வெப்பநிலைக்குத் திரும்பிய பிறகே சார்ஜரில் போட வேண்டும். சார்ஜரைத் தரையிலோ கல் மேடையிலோ வைக்கலாம். மெத்தை, சோபா, திரைச்சீலையின் ஓரம் ஆகியவை வேண்டாம். ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு இரவெல்லாம் சார்ஜ் ஏற விடும் பழக்கம் நம் தொழிலில் பரவலாக உள்ளது. அதைக் கைவிடுவது நல்லது. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரிப் பையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதும் இதே ரகம்தான். பேட்டரியிலிருந்து சீறும் ஒலியோ வெண்புகையோ வந்தால் முதலில் ஆட்களை விலக்கி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும், ஏனென்றால் அந்தப் புகை நச்சுத்தன்மை உடையது. தீ பற்றிய பேட்டரி மின்சார இணைப்பில் இல்லையென்றால் அதன்மீது தாராளமாகத் தண்ணீர் ஊற்றலாம். வெளியில் தெரியும் தீ அணைந்த பிறகும் உள்ளே இருக்கும் அடுத்த செல் பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால், குளிரும் வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கேமராவின் பின்னால் மாட்டும் பெரிய வி-மவுண்ட் பேட்டரியில், பிற கருவிகளுக்கென இருக்கும் டி-டேப் துளையிலிருந்து மின்சாரம் எடுப்பவர்கள் கருவியின் அடியில் அச்சிட்டிருக்கும் உள்ளீட்டு எல்லையை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அந்த பேட்டரியின் மீது 14.4 அல்லது 14.8 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் முழுச் சார்ஜில் அது 16.8 வோல்ட் கொடுக்கும். கருவியின் மேல்வரம்பு 16 வோல்ட் என்றிருந்தால், புதிதாகச் சார்ஜ் செய்த பேட்டரிதான் அதற்கு ஆபத்தானது. தரமற்ற டி-டேப் பிளக்கைக் கொஞ்சம் பலமாக அழுத்தினால் தலைகீழாகவும் உள்ளே போய்விடும். அந்த நொடியே பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறிவிடும். பிளக்கின் ஒரு பக்கத்தில் வெள்ளை மையால் புள்ளி வைத்துக்கொள்வது இரண்டு ரூபாய்கூடச் செலவில்லாத காப்பு.

கேமராவிலிருந்து எஸ்டிஐ (தொழில்முறைக் கேமராக்களில் உள்ள வீடியோ கேபிள் இணைப்பு) வழியாகப் படம் எடுப்பவர்களுக்கு இன்னொன்று மிக முக்கியம். முதலில் டிரான்ஸ்மிட்டருக்கு மின்சார வயரைச் செருகிவிட்டு, அதன் பிறகே எஸ்டிஐ கேபிளை மாட்ட வேண்டும். கழற்றும்போது எஸ்டிஐ கேபிளை முதலில் எடுத்துவிட்டு, மின்சார வயரைக் கடைசியாக எடுக்க வேண்டும். எஸ்டிஐ கேபிள் ஏற்கெனவே மாட்டியிருக்கையில் மின்சார வயரைச் செருகினால், பிளஸ் முனை ஒரு கணம் முன்னதாகத் தொட்டுவிட வாய்ப்புள்ளது. திரும்பிப் போக மைனஸ் வழி இன்னும் திறக்காத அந்தக் கணத்தில், மின்னோட்டம் எஸ்டிஐ கேபிளின் வெளிப்பின்னல் வழியாகக் கேமராவுக்குள் புகுந்து திரும்பப் பார்க்கும். அதைத் தாங்கும்படி வடிவமைக்கப்படாத எஸ்டிஐ சில்லு கருகிவிடும். ஆரி போன்ற கேமரா நிறுவனங்கள் இந்த வரிசையைத் தம் பயனர்களுக்கு எழுத்து மூலமாகவே அறிவுறுத்தியிருக்கின்றன. எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டும்போதும் இதே வரிசையைப் பின்பற்றுவதில் நஷ்டமில்லை. ஆனால் அங்கே பெரிய எதிரி இழுவிசைதான். குட்டையான மெல்லிய கேபிளைப் பயன்படுத்தி, கேமராவைச் சுற்றி மாட்டும் உலோகக் கூண்டில் கிளாம்ப் போட்டுப் பிடித்துவிட்டால் துளை உடையாது.

டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் படத்தைப் பெறும் ரிசீவர் இருக்கும் பக்கத்தில் கவனிக்க வேண்டியது ஜெனரேட்டர். ரிசீவர், ஸ்விட்சர், எல்இடி திரையின் பிராசசர் ஆகியவை எச்டிஎம்ஐ வழியாக ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், அவை அனைத்தும் எர்த் உள்ள ஒரே விநியோகப் பலகையிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். ஒன்று மண்டபத்தின் மேடை பிளக்கிலிருந்தும் மற்றொன்று வெளியே நிற்கும் ஜெனரேட்டர் வண்டியிலிருந்தும் எடுத்தால், இரண்டு எர்த்துகளுக்கும் இடையேயான வேறுபாடு அந்த மெல்லிய கேபிளின் வழியாகப் பாயும். ஸ்விட்சரின் உலோக உடலைத் தொடும்போது விரலில் சுருக்கென்று ஷாக் அடித்தால், மண்டப எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சரிபார்க்கும் வரை இணைப்பைத் தொடாதீர்கள்.

பொருத்துதல்

ஜிம்மி ஜிப்பின் தலையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர், வரிசையாக அமர்ந்திருக்கும் குழந்தைகள், முதியவர்கள் ஆகியோரின் தலைகளுக்கு மேலே பறந்துகொண்டிருக்கிறது. பேட்டரியோடு சேர்த்து அரைக் கிலோவை நெருங்கக்கூடிய இந்தப் பொருளைக் கேமராவின் மேலுள்ள கோல்டு ஷூ என்ற பொருத்துமிடத்தில் ஒரேயொரு திருகை நம்பி விட்டுவிடக் கூடாது. ஜிப்பின் இடைவிடாத அதிர்வு அந்தத் திருகை மெல்ல மெல்லத் தளர்த்தும். கால் அங்குல ஸ்குரூவால் கூண்டில் இறுக்கிய பிறகு, மெல்லிய எஃகுக் கம்பிவடத்தை டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஜிப்பின் உடலுக்கு இரண்டாவது பிடியாகப் போட வேண்டும். பேட்டரி தனியாகக் கழன்று விழுவதும் உண்டு. அதன் மேல் ஒரு வெல்க்ரோ பட்டையைச் சுற்றிவிடுங்கள். வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் டேக்கை இரண்டாவது பிடியாக எண்ண வேண்டாம், வெயிலில் அது நொறுங்கிவிடும்.

உள்ளே சிறு மின்விசிறி உள்ள கருவியின் காற்றுத்துளைகளை டேப் ஒட்டியோ மழை உறை போட்டோ மூடக் கூடாது. கல்யாணத்துக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு: அட்சதை. மணமேடைக்கு அருகில் நிற்கும் கிம்பல் கேமராவின் மேல் அரிசி விழுவது நிச்சயம்; விசிறித் துளையில் ஓர் அரிசி சிக்கினால் போதும், கருவி சூடாகித் தானே அணைந்துவிடும், அதுவும் பெரும்பாலும் தாலி கட்டும் நேரத்தில். துளைகள் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ இருக்கும்படி கருவியைத் திருப்பிப் பொருத்தினால் இது நேராது. பன்னீர் தெளிக்கும் வாசலில் நிற்பவருக்கும் இது பொருந்தும்.

ரிசீவர் ஸ்டாண்டை உயரமாக நிறுத்தும்போது அதன் காலில் மணல் மூட்டை வைக்க வேண்டும். ஓடி விளையாடும் பிள்ளைகளின் பாதையில் அதை நிறுத்தக் கூடாது.

ஆன்டெனாவும் அலைகளும்

ஆன்டெனாக்களை முழுமையாகத் திருகி மாட்டிய பிறகே கருவியை ஆன் செய்ய வேண்டும். ஆன்டெனா இல்லாமல் ஆன் செய்தால், வெளியேற வழியில்லாத ஆற்றல் உள்ளேயே எதிரொளித்துத் திரும்பி, இறுதிநிலைப் பெருக்கியைச் சூடாக்கிப் பழுதாக்கக்கூடும். ஆன்டெனாக்களை நிமிர்த்தி வையுங்கள், ரிசீவரிலும் அப்படியே. குச்சி ஆன்டெனாவின் முனை சுட்டும் திசையில்தான் அலை மிகக் குறைவு என்பதால், அதைத் துப்பாக்கிபோல ரிசீவரை நோக்கி நீட்டுவதால் பயன் இல்லை.

இவை பெரும்பாலும் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன, 5.8 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 சென்டிமீட்டரை ஒட்டியது. நீர் நிறைந்த மனித உடல் அதை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே காலியான மண்டபத்தில் அருமையாக வந்த படம், ஆயிரம் பேர் எழுந்து நின்றதும் உடையத் தொடங்குகிறது. 100 மீட்டர் தூரத்தில் இருக்கும் ரிசீவருக்கு அலை செல்லும் பாதையின் நடுவில், நேர்க்கோட்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆரம் தடையின்றி இருக்க வேண்டும். எனவே ரிசீவரைத் தலைகளுக்கு வெகு உயரத்தில், கேமராக்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். எல்இடி திரையின் உலோகச் சட்டத்துக்குப் பின்னால் வைத்தால் வேலைக்கு ஆகாது. படம் உடையும்போது ஆற்றலைக் கூட்டும் பொத்தானைத் தேடுவதற்கு முன் ரிசீவரை ஒரு மீட்டர் உயர்த்திப் பாருங்கள்.

கதிர்வீச்சுக் கேள்விக்கு இங்கே கணக்கோடு பதில் சொல்லலாம். ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 200 மில்லிவாட் வெளிவருவதாகக் கொண்டால், 20 சென்டிமீட்டர் தூரத்தில் அதன் அடர்த்தி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.4 வாட்; 1 மீட்டரில் 0.016 வாட். இந்த அலைவரிசையில் பொதுமக்களுக்கென ஐசிஎன்ஐஆர்பி என்ற பன்னாட்டு ஆணையம் வகுத்துள்ள வரம்பு சதுர மீட்டருக்கு 10 வாட். ஆகவே மணமக்களுக்கோ விருந்தினருக்கோ இதனால் அஞ்சத்தக்கது எதுவும் இல்லை. நாள் முழுவதும் கருவியைத் தோளில் சுமக்கும் கேமராக்காரர் மட்டும் ஆன்டெனாவைத் தலையிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கும்படி பொருத்திக்கொள்ள வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் குழுவில் இருந்தால் அவர் கருவியை மார்போடு அணைத்துப் பிடிக்கக் கூடாது; கைப்பேசிக்குச் சொல்லப்படும் 15 சென்டிமீட்டர் இடைவெளியைவிட இங்கே தாராளமாகவே விட்டுவைக்கலாம்.

சேனலைத் தேர்வதில் சட்டமும் பாதுகாப்பும் சேர்ந்தே வருகின்றன. இந்தியாவில் 2018 அக்டோபரில் வெளியான அறிவிக்கையின்படி 5150 முதல் 5350 வரை, 5470 முதல் 5875 வரை உள்ள மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை, வகுத்த ஆற்றல் வரம்புக்குள், உரிமமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் கருவி இந்தியாவுக்கான ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும்; பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது என்பதும் நிபந்தனை. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்த கருவியில், அது எந்த நாட்டு விதிப்படி இயங்குகிறது என்ற நாட்டுத் தெரிவை முதலில் சரிபாருங்கள். மறுபுறம், ஐரோப்பிய நாடுகளில் நடக்கும் நம்மவர் திருமணத்துக்குக் கருவியை எடுத்துச் செல்பவர்கள், 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் குறுந்தொலைவுக் கருவிகளுக்கு அங்கே 25 மில்லிவாட்தான் வரம்பு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட டிரோன் பறக்கும் நேரமே கூர்ந்த கவனம் கேட்பது. பெரும்பாலான டிரோன்கள் 2.4, 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில்தான் தம் ரிமோட்டோடு பேசிக்கொள்கின்றன. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் டிரோன் இயக்குபவரின் தோளருகே, அதே 5.8 பகுதியில் முழு ஆற்றலோடு இயங்கும் டிரான்ஸ்மிட்டர் நின்றால், ரிமோட்டின் தொடர்பு தடுமாறலாம். கீழே கூட்டம் இருக்கிறது. டிரோன்காரரிடம் அவர் எந்த அலைவரிசையில் இருக்கிறார் என்று கேட்டு, டிரான்ஸ்மிட்டரை 5150 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துக்கு மாற்றி, பத்து மீட்டராவது விலகி நில்லுங்கள். இருவரும் ஒரே குழு என்பதால் இது தானாக நடந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

மணமகள் அறை

கேபிள் இருந்த காலத்தில் கேமரா எங்கே போகிறது என்பதைக் கேபிளே கட்டுப்படுத்தியது. இப்போது கிம்பல்காரர் லைட் மாற்றவோ லென்ஸ் எடுக்கவோ மணமகள் அறைக்குள் நுழைந்தாலும் படம் ஸ்விட்சருக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அங்கே ஒரு பொத்தான் தவறினால் அது பெரிய திரையிலும் நேரலையிலும் தெரியும். அந்த அறையின் வாசலைத் தாண்டுவதற்கு முன் டிரான்ஸ்மிட்டரை அணைப்பது கட்டாயம், லென்ஸ் மூடி போதாது, ஏனெனில் ஒலியும் சேர்ந்தே போகிறது. கைப்பேசிச் செயலி வழியாகப் படம் பார்க்க அனுமதிக்கும் கருவியானால், பெட்டியோடு வந்த வைஃபை கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

முகூர்த்த நேரத்தில் மேடைக் கேமரா ஒன்றையாவது கேபிளில் வைத்திருப்பதும், கம்பியில்லாக் கேமராக்களில் கார்டுப் பதிவை ஓடவிடுவதும் என் பரிந்துரை. படம் நின்றுவிட்ட பதற்றத்தில் ஓடும் வயரை இழுப்பது, ஸ்டாண்டைத் தள்ளுவது, ஏணியில் தாவி ஏறுவது ஆகிய அவசரங்களிலிருந்து அது உங்களைக் காப்பாற்றும்.

நிகழ்ச்சி முடிந்ததும் பேட்டரியைத் தட்டிலிருந்து கழற்றி, முனைகளில் டேப் ஒட்டிப் பையில் வைக்க வேண்டும். விமானத்தில் செல்வதானால் உதிரிப் பேட்டரிகள் கைப்பையில் மட்டுமே போக வேண்டும். 100 வாட்-மணி (பேட்டரியில் சேரும் மின்னாற்றலின் அளவு) வரை தனி அனுமதி வேண்டியதில்லை, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு மட்டும். கடைகளில் வி-மவுண்ட் பேட்டரிகள் பல 95, 98, 99 வாட்-மணி என்று விற்கப்படுவது இந்த விதியால்தான். உப்பிப்போனதை விமானத்தில் ஏற்றவே கூடாது. அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்து மின்கழிவு சேகரிப்பாளரிடம் சேர்த்துவிடுங்கள்.