எலுமிச்சை அழகியை முட்டையிலிருந்து வளர்த்துப் பார்க்கும் முறை

வீட்டில் கறிவேப்பிலைச் செடியோ எலுமிச்சங்கன்றோ இருந்தால், ஒரு பூச்சியின் முழு வளர்ச்சியையும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் நேரில் பார்த்துவிடலாம். தளிரில் தனித்தனியாக ஒட்டியிருக்கும், கடுகினும் சிறிய வெளிர்மஞ்சள் உருண்டைகளைத் தேடுங்கள். அவை எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் முட்டைகளாக இருக்கலாம். அதன் இனத்தைச் சேர்ந்த வேறு அழகிகளும் இச்செடிகளில் முட்டையிடும் என்றாலும், வளர்க்கும் முறை ஒன்றுதான்.

முட்டையைப் பிரித்தெடுக்காமல் கொப்போடு நறுக்கி, தண்ணீர் நிறைத்த சிறு புட்டியில் செருகி, புழு உள்ளே விழுந்து மூழ்காதபடி புட்டியின் வாயைப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும். கடையில் வாங்கிய கறிவேப்பிலையைக் கொடுக்கவே கூடாது; அதில் பூச்சிமருந்து இருந்தால் எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது. எச்சத்தை நாள்தோறும் அகற்றுங்கள்.

மூன்று நான்கு நாளில் வெளிவரும் புழு, பறவை எச்சம்போலப் பழுப்பும் வெள்ளையுமாகத் தோன்றி, நான்காம் முறை தோலுரித்த பின்னரே பச்சை நிறம் பெறும். இந்தப் பச்சைப் புழுதான் உடலமைப்பைக் கற்க ஏற்றது. தோள்பகுதியில் கண்போலத் தெரிபவை வெறும் குறிகளே. உண்மையான கண்கள் சிறிய தலையின் இருபுறமும் ஆறாறு புள்ளிகளாக இருப்பதால், அவற்றைக் காண உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். மார்பில் மூன்று இணை மெய்க்கால்களும், வயிற்றுப்பகுதியில் ஐந்து இணை பொய்க்கால்களும், பக்கவாட்டில் சுவாசத்துளைகளும் உள்ளன. மென்மையாகத் தொட்டால் தலைக்குப் பின்னிருந்து சிவந்த கவைக்கொம்பு ஒன்று நீண்டு, கடும் நெடி வீசும். ஒருமுறை பார்த்தால் போதும், விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் சீண்ட வேண்டாம்.

புழு உண்ணாமல் அசைவற்று நின்றால் உடனே நோய் என்று எண்ண வேண்டாம், பெரும்பாலும் அது தோலுரிக்கப் போகிறது, அப்போது தொடாதீர்கள். உரித்த தோலை அது பெரும்பாலும் தின்றுவிடும், ஆனால் தலை ஓடு கீழே கிடக்கும்.

கடைசியில் ஈரமான எச்சத்தை வெளியேற்றி, இலையை விட்டு அலையத் தொடங்கும்போது, சாய்வாக ஒரு குச்சியை வைத்து மெல்லிய துணியால் மூடிவிடுங்கள். புழு வால்முனையைக் குச்சியில் பொருத்தி, நடுவுடலைப் பட்டிழையால் கட்டிக்கொண்டு, பச்சை அல்லது பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாகும். பெரும்பாலும் சுற்றுப்புறத்துக்கேற்பவே அந்நிறம் அமையும்.

ஏறக்குறைய பத்து நாளில், பெரும்பாலும் காலையில், பூச்சி வெளிவரும். அப்போது உறிஞ்சுகுழலை உற்றுப் பாருங்கள்: இரு தனி இழைகளாக இருப்பதைச் சுருட்டிச் சுருட்டி விரித்தே அது ஒரு குழலாக இணைக்கிறது. உடற்திரவம் பாய்ந்து விரியும் சிறகுகள் தொங்கிக் காய இடம் வேண்டும். அவை இறுகிய பின் செடியருகே விட்டுவிடலாம். பூச்சி வராமல் கூட்டில் சிறு துளை மட்டும் தெரிந்தால், ஒட்டுண்ணிக் குளவி முந்திக்கொண்டது என்று பொருள்; அடுத்த முறை இன்னும் நெருக்கமாக நெய்த துணியால் மூடுங்கள்.