ஊறுகா ஜாடி, ஒரு சென்சார்: மண்ணுல நுண்ணுயிர் விடுற கார்பன் டை ஆக்சைடை அளக்குறது

இது ஸ்பெக்ட்ரோஸ்கோபி, அதாவது ஒரு பொருள் எந்த ஒளியை எவ்ளோ உறிஞ்சுதுன்னு பார்த்து அளக்குற முறை. பேரைக் கேட்டு பயந்துடாதீங்க. கார்பன் டை ஆக்சைடு 4.26 மைக்ரோமீட்டர் இன்ஃப்ராரெட்டை நல்லா உறிஞ்சும். இதை அளக்குற என்டிஐஆர்ங்கிற இன்ஃப்ராரெட் சென்சார்ல ஒரு குட்டி லேம்ப், அந்த அலைநீளத்தை மட்டும் விடுற ஃபில்டர், டிடெக்டர், அவ்ளோதான். வெளிச்சம் எவ்ளோ குறையுதோ அதை வெச்சு வாயு எவ்ளோன்னு கணக்கு.

எது வாங்கலாம்? எஸ்சிடி30-ங்கிற சென்சார் மாடலை எடுங்க, 10,000 பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கிற அளவு) வரைக்கும் துல்லியம் சொல்லிருக்காங்க. எஸ்சிடி41-ம் பரவால்ல, ஆனா 5,000 வரைதான். சிசிஎஸ்811 மாதிரி மலிவா வர்றதை தொடவே தொடாதீங்க, அது வேற ஆவிகளைப் பார்த்து கார்பன் டை ஆக்சைடை குத்துமதிப்பா சொல்ற ஐட்டம், மண்ணு வாசனைக்கே எகிறும்.

மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடைல சலிச்சு வேரெல்லாம் பொறுக்கிடுங்க, இல்லனா வேர் விடுற மூச்சும் சேர்ந்துடும். 100 கிராம் எடுத்து, லேசா ஈரமாக்கி, ஜாடில போட்டு, சென்சாரை மூடியோட உள்பக்கம் மாட்டி, வயர் வர்ற ஓட்டையை குளூ கன்னால அடைங்க. மண்ணு இல்லாம ஜாடிக்குள்ள லேசா ஊதி மூடி வெச்சுப் பாருங்க, நம்பர் இறங்கிட்டே போனா லீக்.

இப்ப முக்கியமான இடம். ஆட்டோ கேலிப்ரேஷன், அதாவது சென்சார் தன் அளவைத் தானே சரிபண்ணிக்கிறது. கடைசி சில நாள்ல பார்த்ததுலயே கம்மியான அளவுதான் வெளிக்காத்து, அதாவது 400 பிபிஎம்னு சென்சார் தானா முடிவு பண்ணிக்கும். ஜாடிக்குள்ள வெளிக்காத்து ஏது? 3,000-ல நாள்கணக்கா உக்காந்திருந்தா அதையே 400-ன்னு நினைச்சு மொத்த கணக்கையும் கீழ இழுத்துடும், கிராஃப் பார்த்தா மண்ணு செத்துப்போச்சுன்னு தோணும். எஸ்சிடி41-ல இது ஆன்லயேதான் வரும், எஸ்சிடி30-ல ஒருதடவை ஆன் பண்ணா சென்சார் மெமரியிலயே பதிஞ்சுடும், புரோகிராம்ல ஆன் பண்ற வரியை அழிச்சா போதாது, ஆஃப்னு கட்டளை அனுப்பணும். அப்புறம் மொட்டைமாடி காத்துல வெச்சு 425-ன்னு நாமளே கேலிப்ரேட் பண்ணிக்கலாம்.

கணக்கு: ஜாடில காலி இடம் 1 லிட்டர், நிமிஷத்துக்கு 10 பிபிஎம் ஏறுதுன்னு வைங்க. மணிக்கு 600 மைக்ரோலிட்டர். 30 டிகிரில 1 மோல் வாயு சுமார் 24.9 லிட்டர், அதால வகுத்தா 24 மைக்ரோமோல், 12-ஆல பெருக்கினா 289 மைக்ரோகிராம் கார்பன். கிராம் மண்ணுக்கு மணிக்கு 2.9 மைக்ரோகிராம். கிராஃப்ல கோடு நேரா ஏறுற ஆரம்ப பகுதியை மட்டும் எடுங்க.

காஞ்ச மண்ணுல தண்ணி விட்டதும் நம்பர் சர்ருனு ஏறும். அது சென்சார் கோளாறு இல்ல, பர்ச் எஃபெக்ட், கென்யால வேலை பார்த்த பர்ச் 1958-ல எழுதினது. வழக்கமான அளவு வேணும்னா ஈரமாக்கி சில நாள் விட்டுட்டு அளங்க.

அப்டேட்: ரெண்டு பேர் நம்பர் தாறுமாறா குதிக்குதுன்னாங்க. ஜாடி வேர்த்து சென்சார் உள்ள தண்ணி கோத்திருக்கும், வெயில் படாத இடத்துல வைங்க, ஈரத்தையும் குறைங்க.

மீத்தேன் பார்க்கலாமான்னும் கேட்டாங்க. இதுல முடியாது, அது 3.3 மைக்ரோமீட்டர்ல உறிஞ்சுது, இந்த ஃபில்டர் அதை உள்ளயே விடாது. அந்த அலைநீளத்துக்கு வர்ற மலிவு சென்சார் கேஸ் லீக் பிடிக்கத்தான் லாயக்கு, மண்ணுல வர்ற அளவுக்கு லேசர் கருவி உள்ள லேப்தான் போகணும்.