இணைய இணைப்புக்குப் பதிப்புரிமை அறிவிப்பு வந்தால்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கனடாவுக்கு வந்த புதிதில் நம்மில் பலருடைய பெயரில் இணைய இணைப்பு இருப்பதில்லை. ஸ்கார்பரோவிலோ பிராம்டனிலோ ஒரு பேஸ்மென்ட் (வீட்டின் நிலத்தடித் தளம்), வாடகையோடு சேர்த்து வைஃபை. இல்லாவிட்டால் சித்தி வீட்டில் ஓர் அறை. அல்லது மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்த வீடு, அதில் ஒருவருடைய பெயரில் மட்டும் கணக்கு. ஊரில் பழகியபடி இங்கே ஒரு புதுப் படத்தை டொரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறையில் இறக்கினால், அதற்கான எச்சரிக்கை இறக்கியவரைத் தேடி வராது. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகும். உங்களுக்கு இடம் கொடுத்த மனிதர் ஒரு காலை மின்னஞ்சலைத் திறந்து திடுக்கிட்டுப் போவார். இந்த வழிகாட்டியை எழுத முக்கியக் காரணம் அதுதான்.

இந்தியாவில் நீதிமன்ற உத்தரவு வந்தால் இணையதளத்தை முடக்குவார்கள். பக்கம் திறக்காது, வேறு முகவரியில் அதே தளம் திறக்கும், அவ்வளவோடு முடிந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து படம் இறக்குபவருக்குக் கடிதம் எழுதும் வழக்கம் அங்கே இல்லை. கனடாவில் அந்தக் கடிதத்தை அனுப்பச் சொல்லிச் சட்டமே இருக்கிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அறிவிப்பு தொடர்பான பிரிவுகள் 2015 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்தன. படத்தின் உரிமையாளரோ அவர் சார்பாகக் கண்காணிக்கும் நிறுவனமோ ஓர் அறிவிப்பை இணையச் சேவை நிறுவனத்துக்கு அனுப்பினால், அந்த நிறுவனம் அதை வாடிக்கையாளருக்கு அனுப்பியே ஆக வேண்டும். பெல், ரோஜர்ஸ், டெலஸ் ஆகட்டும், சிறிய நிறுவனங்கள் ஆகட்டும், எல்லோருக்கும் இதே கடமைதான். அனுப்பத் தவறினால் 5,000 முதல் 10,000 டாலர் வரை நிறுவனமே இழப்பீடு கட்ட நேரும்.

மின்னஞ்சலின் மேல்பகுதியில் சேவை நிறுவனத்தின் நான்கைந்து வரிகள் இருக்கும்: உங்கள் இணைப்பைப் பற்றி எங்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது, சட்டப்படி அதை உங்களுக்கு அனுப்புகிறோம், அறிவிப்பை அனுப்பியவருக்கு உங்கள் பெயரைத் தெரிவிக்கவில்லை என்று. அதன் கீழே அசல் அறிவிப்பு. உரிமை கோருபவரின் பெயர், முகவரி, படத்தின் பெயர், பகிரப்பட்ட கோப்பின் பெயர், ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), தேதி, நேரம்.

அந்த நேரத்தைக் கவனமாகப் படியுங்கள். பெரும்பாலும் அது டொராண்டோ நேரமாக இருக்காது. யுடிசி எனப்படும் உலகப் பொது நேரமாக இருக்கும். டொராண்டோ அதற்குக் கோடையில் 4 மணி நேரமும் குளிர்காலத்தில் 5 மணி நேரமும் பின்னால் இருக்கிறது. ஜூலை 15 அதிகாலை 2:10 என்று போட்டிருந்தால், இங்கே அது ஜூலை 14 இரவு 10:10. இந்தக் கணக்குத் தெரியாமல், அந்த நேரத்தில் உறங்கிக்கொண்டிருந்தவரைக் குற்றவாளியாக்கி, வேலை முடிந்து வந்து படம் போட்டவரை விட்டுவிட்ட வீடுகள் உண்டு.

ஐபி முகவரி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் கணினிக்குள் யாரும் புகவில்லை. டொரண்டில் ஒரு கோப்பை இறக்கும்போதே, இறங்கிய துண்டுகளை உங்கள் கணினி மற்றவர்களுக்கு அனுப்பவும் தொடங்கிவிடுகிறது. ஒரே கோப்பைப் பகிரும் எல்லோருடைய ஐபி முகவரியும் அந்தக் கூட்டத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். கண்காணிக்கும் நிறுவனமும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளாகச் சேர்ந்து முகவரிகளைக் குறித்துக்கொள்கிறது. "நான் இறக்கத்தானே செய்தேன், யாருக்கும் கொடுக்கவில்லையே" என்ற வாதம் இதனால்தான் நிற்பதில்லை. கொடுத்ததும்தான் பதிவாகியிருக்கிறது.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினியில் டொரண்ட் மென்பொருள் இருந்தால், கணினியைத் திறந்தவுடன் அது தானாகவே இயங்கும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ எப்போதோ இறக்கிய படம் அதன் பட்டியலில் இன்னும் இருக்கும். இங்கே வைஃபை கடவுச்சொல்லைப் போட்ட நிமிடமே அது மீண்டும் பகிரத் தொடங்கிவிடும். நீங்கள் எதையும் தொட்டிருக்க மாட்டீர்கள், ஆனால் அறிவிப்பு வந்து நிற்கும். ஆகவே வந்து இறங்கியதும், வைஃபையில் சேர்வதற்கு முன்பே, அந்த மென்பொருளை நீக்கிவிடுங்கள். கைப்பேசியையும் பாருங்கள். படம் நேரடியாக ஓடுவது போலக் காட்டிவிட்டு உள்ளே டொரண்டில் இயங்கும் செயலிகள் இருக்கின்றன. டொரண்ட் என்ற தொழில்நுட்பம் தன்னளவில் சட்டவிரோதமானது இல்லை. லினக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களை அதன் வழியாகவும் அதிகாரபூர்வமாகக் கொடுக்கிறார்கள். உரிமை இல்லாத கோப்பைப் பகிர்வதுதான் சிக்கல்.

இனி, அறிவிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அந்த மின்னஞ்சல் அபராதமும் இல்லை, வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஒருவர் ஒரு குற்றச்சாட்டைச் சொல்கிறார், சேவை நிறுவனம் அதைக் கொண்டுவந்து கொடுக்கிறது. அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரோ வீட்டு முகவரியோ குற்றம் சாட்டுபவருக்குத் தெரியாது. அவருக்குப் பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எழுதினால் நீங்களாகவே உங்கள் பெயரைக் கொடுத்ததாகிவிடும். மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் இந்த இடத்தில் அது வேண்டாம்.

பணம் கேட்டால் நிச்சயமாகக் கொடுக்காதீர்கள். 2015இல் இந்த முறை தொடங்கிய சில நாட்களிலேயே, அமெரிக்கச் சட்டத்தில் உள்ள 150,000 டாலர் என்ற தொகையைக் காட்டிப் பயமுறுத்தி, இத்தனை டாலர் இப்போதே கட்டினால் விட்டுவிடுகிறோம் என்ற பாணியில் கனடாவில் உள்ளவர்களுக்கு அறிவிப்புகள் வந்தன. அந்தச் சட்டம் இங்கே செல்லாது. பயந்து கட்டியவர்கள் இருந்தார்கள். ஒட்டாவா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் மைக்கேல் கைஸ்ட் போன்றவர்கள் இதைத் தொடர்ந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. சமரசத் தொகை கேட்பது, பணம் கேட்பது, தனிப்பட்ட விவரம் கேட்பது, அத்தகைய பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பது, இவற்றில் எது இருந்தாலும் அது சட்டப்படியான அறிவிப்பு ஆகாது. அப்படி ஒன்று உங்களுக்கு வந்தால், அது சேவை நிறுவனத்தின் கண்ணுக்குத் தப்பியதாக இருக்கும், அல்லது நேரடியான மோசடியாக இருக்கும். அதில் உள்ள எந்த இணைப்பையும் தொட வேண்டாம்.

ஆனால் மின்னஞ்சலை அழித்துவிட்டு மறந்துவிடுவதும் சரியில்லை. அந்த ஐபி முகவரி யாருடைய கணக்குக்கு உரியது என்ற பதிவைச் சேவை நிறுவனம் 6 மாதம் வைத்திருக்க வேண்டும்; அதற்குள் வழக்குத் தொடரப்பட்டு அதைத் தெரிவித்தால் ஓர் ஆண்டு வரை. படத்தின் உரிமையாளர் நீதிமன்றம் சென்று உத்தரவு பெற்றால்தான் பெயர் வெளியே போகும். அப்படிப் போன வழக்குகளும் உண்டு. வோல்டேஜ் என்ற அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் கனடாவில் இதற்காகப் பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 2018இல் ரோஜர்ஸுக்கும் அதற்கும் இடையிலான வழக்கில், உத்தரவுப்படி வாடிக்கையாளரின் பெயரை வெளியிடுவதற்காகும் நியாயமான செலவைச் சேவை நிறுவனம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் நமக்கு இன்னும் முக்கியமான ஒன்றைச் சொன்னது: கணக்கு ஒருவர் பெயரில் இருப்பதாலும் அவருக்கு அறிவிப்பு போனதாலும் மட்டும் அவர்தான் மீறினார் என்றோ, மீற அனுமதித்தார் என்றோ முடிவுகட்டிவிட முடியாது.

வீட்டுக்காரர்களுக்கு இது ஆறுதலான தீர்ப்புதான். அதற்காக நீதிமன்றத்திலிருந்து காகிதம் வந்த பிறகும் சும்மா இருந்துவிடாதீர்கள். கூட்டாட்சி நீதிமன்றத்தின் வழக்கு மனு கையில் கொடுக்கப்பட்டால், கனடாவுக்குள் இருப்பவர் 30 நாட்களுக்குள் எதிர்வாதம் தாக்கல் செய்ய வேண்டும். வியாபார நோக்கம் இல்லாத மீறலுக்குச் சட்டம் வைத்திருக்கும் இழப்பீடு 100 முதல் 5,000 டாலர் வரை, அந்த வழக்குக்கு முந்தைய மீறல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. வியாபார நோக்கம் இருந்தால் கதை வேறு. ஒரு படைப்புக்கு 500 முதல் 20,000 வரை. ஒன்ராறியோவில் இருப்பவர்கள் மாகாண வழக்கறிஞர் சங்கத்தின் பரிந்துரைச் சேவையை நாடினால், ஒரு வழக்கறிஞரோடு 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம். நண்பரின் நண்பர் சொன்னதைக் கேட்பதைவிட அது நல்லது.

மாணவர்கள் அடுத்துக் கேட்பது விசாவைப் பற்றித்தான். படிப்பு அனுமதி பறிபோகுமா, நிரந்தர வசிப்புரிமை நின்றுவிடுமா என்று இரவெல்லாம் தூங்காமல் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இந்த அறிவிப்பு இரு தனியார் தரப்புக்கு இடையிலான உரிமையியல் (சிவில்) விஷயம். காவல்துறைக்கோ குடிவரவுத் துறைக்கோ சேவை நிறுவனம் இதன் நகலை அனுப்புவதில்லை. இது குற்றப் பதிவும் ஆகாது. தூங்குங்கள். ஆனால் பல்கலைக்கழக விடுதியில் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அங்கே இணையம் தருவது பல்கலைக்கழகமே. உங்கள் மாணவர் கணக்கில் நீங்கள் உள்நுழைந்திருப்பதால் இறக்கியது யார் என்று அவர்களுக்கு எளிதில் தெரியும். மீண்டும் மீண்டும் அறிவிப்பு வந்தால் தங்கள் விதிப்படி இணைப்பை நிறுத்தவும் அவர்களால் முடியும்.

கடைசியில் பெரிய சேதம் நடப்பது வீட்டுக்குள்தான். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா அந்த மின்னஞ்சலை அச்செடுத்து, பேஸ்மென்ட் படிக்கட்டின் கதவில் ஒட்டிவைத்ததைப் பார்த்திருக்கிறேன். கீழே இருந்த பிள்ளைகளை மாத முடிவில் வெளியேறச் சொன்னார். பயம்தான் காரணம், போலீஸ் வந்துவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அறிவிப்பு என்ன, அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை யாராவது பொறுமையாக உட்கார்ந்து விளக்கியிருந்தால் அந்தக் காகிதம் கதவுக்குப் போயிருக்காது.

ஆகவே இறக்கியது நீங்கள் என்றால், அவர் கேட்பதற்கு முன் போய்ச் சொல்லுங்கள். மென்பொருளை அவர் முன்னாலேயே நீக்குங்கள். வீட்டுக்காரராக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வாடகைக்கு விட்டிருந்தால் ரூட்டரில் விருந்தினர் இணைப்பைத் தனியாகப் போட்டுக் கொடுங்கள், பழைய குடியிருப்பாளர் போனதும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கோபத்தில் வெளியேறச் சொல்ல முடியாது. தனிச் சமையலறையும் குளியலறையும் உள்ள பேஸ்மென்ட் என்றால், ஒன்ராறியோவில் வெளியேற்றும் உத்தரவு வீட்டுரிமையாளர் குடியிருப்பாளர் வாரியத்திடமிருந்துதான் வர வேண்டும். வீட்டுக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சித்தி வீட்டு அறையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இலவச விபிஎன் (உங்கள் ஐபி முகவரியை மறைக்கும் சேவை) போட்டுக்கொண்டால் போதும் என்று யோசனை சொல்பவர்கள் வருவார்கள். சில இலவசச் சேவைகள், முன்பின் தெரியாதவர்களின் போக்குவரத்தை உங்கள் வீட்டு இணைப்பு வழியாக அனுப்பியிருக்கின்றன. வேறு எங்கோ யாரோ செய்ததற்கான ஐபி முகவரி உங்களுடையதாகிவிடும்.

மாதம் பத்துப் பதினைந்து டாலருக்கு எல்லாத் தமிழ்ச் சானல்களும் வரும் என்று விற்கப்படும் பெட்டிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். நேரடி ஒளிபரப்பாக ஓடும்போது டொரண்டைப் போல் உங்கள் ஐபி எல்லோருக்கும் தெரிவதில்லை. இந்த அறிவிப்பும் பொதுவாக வராது. ஆனால் உரிமை இல்லாத சேவைகளை நீதிமன்றம் முடக்குகிறது. 2019இல் கோல்டுடிவி என்ற சேவையை முடக்கும்படி சேவை நிறுவனங்களுக்குக் கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது. முன்பணமாக ஒரு வருடத்துக்குக் கட்டியவருக்கு அன்று திரை கறுத்தது கறுத்ததுதான். பணத்தைத் திருப்பிக் கேட்க ஒரு முகவரிகூட இருக்காது. அந்தப் பெட்டிகளை வாங்கி நாலு பேருக்கு விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கலாம் என்று எண்ணும் மாணவர்களைத்தான் நினைத்துக் கவலைப்படுகிறேன். விற்றால் அது வியாபாரம், குற்றவியல் பிரிவுகளும் அங்கே எட்டிப் பார்க்கும். விசா பயம் நியாயமாகிற இடம் அது.

கனடாவில் சிறிது காலம் இருந்துவிட்டு ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் இங்கே சொன்னதை அங்கே கொண்டுபோக வேண்டாம். அங்கே வருவது வழக்கறிஞர் நிறுவனத்தின் கடிதம். அதில் பணமும் கேட்பார்கள், இனிச் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழியில் கையெழுத்தும் கேட்பார்கள், குறுகிய கெடுவும் வைப்பார்கள். அதைக் கண்டுகொள்ளாமல் விடவும் கூடாது, அப்படியே கையெழுத்துப் போடவும் கூடாது. நுகர்வோர் ஆலோசனை மையத்திடமோ வழக்கறிஞரிடமோ அதே வாரத்தில் போங்கள்.

தமிழ்ப் படம் பார்க்காமல் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பனி கொட்டும் ஞாயிற்றுக்கிழமையில் வீட்டு நினைவு வந்தால் வேறு மருந்து இல்லை. கட்டணத் தளங்கள் ஒன்றிரண்டை வீட்டில் உள்ளவர்கள் சேர்ந்து எடுத்தால், அந்தந்தத் தளத்தின் விதிக்கு உட்பட்டு, ஒருவருக்கு ஆகும் செலவு சிறிதுதான். ஸ்கார்பரோவில் உட்சைட் திரையரங்கில் தமிழ்ப் படங்கள் ஓடுகின்றன. வெளிநாட்டில் நாம் வாங்கும் டிக்கெட்டுகள் படத்தை எடுத்தவர்களுக்கும் வெளியிட்டவர்களுக்கும் கைகொடுக்கின்றன. பெரிய நடிகர் இல்லாத சின்னப் படங்களுக்கு இது உண்மையாகவே உயிர்மூச்சு. டொராண்டோவில் வசிப்பவர்களுக்கும் அங்கே படிப்பவர்களுக்கும் பொது நூலக அட்டை இலவசம். முகவரிச் சான்றோடு போனால் அன்றே கொடுப்பார்கள். ஸ்கார்பரோக் கிளைகளில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. வந்த முதல் வாரத்திலேயே, வங்கிக் கணக்குத் திறக்கும் அதே நாளில், அந்த அட்டையையும் வாங்கிவிடுங்கள்.