டிவி ஸ்டிக்கில் வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் இணைப்பது எப்படி?

ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒரு நீளமான பாஸ்வேர்டை டிவியில் அடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சலிப்பு தெரியும். பெரிய எழுத்துக்கு ஒரு பக்கம், எண்ணுக்கு ஒரு பக்கம், சிறப்புக் குறிகளுக்கு இன்னொரு பக்கம் என்று அலைய வேண்டும். கடைசியில் ஓர் எழுத்து பிசகினால் மறுபடி முதலிலிருந்து. சின்னதாக ஒரு வயர்லெஸ் கீபோர்டு இருந்தால் அந்த வேலை சில நொடிகளில் முடிந்துவிடும். இணைப்பதும் கஷ்டமில்லை. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை மட்டும் மாறக்கூடாது.

முதலில் கீபோர்டைத் திருப்பிப் பாருங்கள்

வயர்லெஸ் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ப்ளூடூத். இதற்குத் தனியாக எதையும் செருக வேண்டாம். இன்னொன்று டாங்கிள் வகை. விரல் நகம் அளவுக்கு ஒரு யுஎஸ்பி ரிசீவர் கூடவே வரும். பெரும்பாலும் பேட்டரி மூடிக்குள் அதற்கென்று ஒரு குழி இருக்கும். சில மாடல்களில் இரண்டுமே உண்டு. கீபோர்டின் அடியிலோ பக்கத்திலோ ப்ளூடூத் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். மவுஸையும் இதேபோல் பார்த்துவிடுங்கள். ஒரே செட்டாக வாங்கினால் பல சமயம் இரண்டுக்கும் ஒரே டாங்கிள்தான்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ப்ளூடூத் வகையைத்தான். டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் டிவி ஸ்டிக்கில் யுஎஸ்பி துளை கிடைப்பதே அரிது. காரணம் கீழே வருகிறது.

ப்ளூடூத்தில் இணைக்கும் முறை

படி 1: ரிமோட்டை எடுத்து டிவியில் செட்டிங்ஸுக்குள் போங்கள். பெயர்கள் கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும். ஃபயர் டிவியில் 'ரிமோட்ஸ் அண்ட் ப்ளூடூத் டிவைசஸ்' (பழைய பதிப்பில் 'கன்ட்ரோலர்ஸ் அண்ட் ப்ளூடூத் டிவைசஸ்'), அதற்குள் 'அதர் ப்ளூடூத் டிவைசஸ்', அப்புறம் 'ஆட் ப்ளூடூத் டிவைசஸ்'. கூகுள் டிவியில் 'ரிமோட்ஸ் அண்ட் ஆக்சசரீஸ்', அதற்குள் 'பேர் ரிமோட் ஆர் ஆக்சசரி'. ஆப்பிள் டிவியில் 'ரிமோட்ஸ் அண்ட் டிவைசஸ்', அதற்குள் 'ப்ளூடூத்'.

படி 2: டிவி தேட ஆரம்பித்த பிறகு கீபோர்டைப் பேரிங் நிலைக்கு, அதாவது புதிய கருவியோடு ஜோடி சேரும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். கீபோர்டை ஆன் செய்வது வேறு, பேரிங் நிலைக்குக் கொண்டுவருவது வேறு. ஆன் மட்டும் செய்தால் அது ஏற்கெனவே பழகிய கருவியைத்தான் தேடும். ப்ளூடூத் சின்னம் போட்ட பட்டனையோ, 1, 2, 3 என்று எண் போட்ட இணைப்பு விசைகளில் ஒன்றையோ சுமார் 3 நொடி விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். விளக்கு வேகமாகச் சிமிட்டத் தொடங்கினால் சரி.

எனக்கே ஒரு மாலை முழுக்க இதில் போனது. கீபோர்டில் விளக்கு எரிகிறது, ஆனால் டிவியின் பட்டியலில் பெயர் வரவே இல்லை. இரண்டு முறை பேட்டரி மாற்றியும் அதே நிலைதான். பக்கத்து அறைக்குப் போனபோது, அங்கே திறந்து வைத்திருந்த லேப்டாப்பின் திரையில் நான் அதுவரை தட்டியதெல்லாம் வரிசையாக இருந்தது. கீபோர்டு ஆன் ஆனவுடனே தன் பழைய இடத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து டிவியில் இணைப்பதற்கு முன் லேப்டாப், மொபைல் எல்லாவற்றிலும் ப்ளூடூத்தை அணைத்துவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

படி 3: பட்டியலில் கீபோர்டின் பெயர் வந்ததும் ரிமோட்டால் தேர்ந்தெடுங்கள். சில சமயம் திரையில் ஓர் எண் தோன்றும். அந்த எண்ணை நீங்கள் இணைக்கும் கீபோர்டிலேயே அடித்து என்டர் தட்ட வேண்டும். தட்டும்போது திரையில் எதுவும் மாறாமல் போகலாம்; அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். எண்ணை முழுதாக அடித்து என்டர் தட்டினால்தான் இணைப்பு முடியும்.

மவுஸுக்கும் இதே மூன்று படிகள்தான். எண் மட்டும் கேட்காது.

டாங்கிள் வகை என்றால்

ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸில் பெரிய யுஎஸ்பி துளை இருந்தால் செருகுங்கள், வேலை முடிந்தது. டாங்கிளும் கீபோர்டும் தயாரிப்பிலேயே ஜோடி சேர்ந்து வருவதால் செட்டிங்ஸுக்குள் போகவே வேண்டாம்.

ஸ்டிக்குகளில்தான் பிரச்சினை. அவற்றில் இருக்கும் ஒரே துளை கரண்டுக்கானது. அதில் டாங்கிளைச் செருகினால் கரண்டு எங்கிருந்து வரும்? மைக்ரோ யுஎஸ்பி துளை உள்ள ஃபயர் டிவி ஸ்டிக்குக்கு, கரண்டும் டேட்டாவும் சேர்ந்து போகும் ஓடிஜி ஒய் கேபிள் (சார்ஜருக்கு ஒன்று, டாங்கிளுக்கு ஒன்று என இரண்டாகப் பிரியும் கேபிள்) வேண்டும். யுஎஸ்பி சி துளை உள்ள கூகுள் டிவி குரோம்காஸ்டுக்கு, சார்ஜரையும் சேர்த்து மாட்டக்கூடிய ஹப் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் கருவி) வேண்டும். வெறும் ஓடிஜி அடாப்டரை வாங்கிவிட்டால் அங்கே கரண்டுக்கு வழியிருக்காது. ஆப்பிள் டிவிக்கு ப்ளூடூத் ஒன்றுதான் வழி. ரோக்கு என்ற டிவி ஸ்டிக் வைத்திருப்பவர்கள் கீபோர்டை மறந்துவிட்டு, அதன் மொபைல் ஆப்பில் இருக்கும் எழுத்துப்பலகையைப் பயன்படுத்துவதே நல்லது.

இணைத்த பிறகு

அம்பு விசைகள் ரிமோட்டைப் போலவே நகர்த்தும். என்டர் தேர்ந்தெடுக்கும். ஆண்ட்ராய்டு சார்ந்த கருவிகளில் எஸ்கேப் விசை 'பேக்' வேலையைச் செய்யும். தேடல் பெட்டிக்குள் போனதும் திரையில் வழக்கமாக வரும் எழுத்துப்பலகை காணாமல் போகலாம். உண்மையான கீபோர்டு இருப்பதைக் கருவி உணர்ந்துகொண்டது, அவ்வளவுதான். தயங்காமல் தட்டுங்கள்.

மவுஸைப் பற்றி ஒரு வார்த்தை. டிவிக்கான ஆப்கள் அம்புக்குறியால் நகர்வதற்காகவே எழுதப்பட்டவை. அதனால் பலவற்றில் திரையில் சுட்டி தெரியும், கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. மவுஸ் உண்மையில் கைகொடுப்பது பிரவுசரிலும், மொபைலுக்காக எழுதி டிவியில் போட்டுக்கொண்ட ஆப்களிலும்தான். ஆப்பிள் டிவியில் மவுஸுக்கு இடமே இல்லை. பாஸ்வேர்டுக்கும் தேடலுக்கும் மட்டும் என்றால் கீபோர்டு போதும், மவுஸுக்குத் தனியாகச் செலவழிக்காதீர்கள்.

எழுத்து தாமதமாக வருகிறதா, சுட்டி துள்ளுகிறதா? ப்ளூடூத், பெரும்பாலான டாங்கிள்கள், பழைய வைஃபை எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. போதாக்குறைக்கு ஸ்டிக் டிவியின் முதுகில், உலோகத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஸ்டிக்கோடு வந்த குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு கேபிளைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டி, ஸ்டிக்கை டிவியின் ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். பல வீடுகளில் இது ஒன்றே போதும். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் ஸ்டிக்கை அதற்கு மாற்றிவிடுங்கள். டாங்கிளை யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்குக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். அந்த யுஎஸ்பியின் மின் இரைச்சல் இதே அலைவரிசையில்தான் விழுகிறது.

இணைப்பு அடிக்கடி அறுந்தால் பட்டியலில் அந்தப் பெயரை 'ஃபர்கெட்' அல்லது 'அன்பேர்' கொடுத்து நீக்கிவிட்டு, படி 1இலிருந்து மறுபடி செய்யுங்கள். கீபோர்டை வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தாலும் முதலில் இதைச் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதே வீட்டில் அவர்கள் தட்டுவது உங்கள் டிவியில் வந்து விழும்.